எந்த லைன்?

டிக்.

அவ்வளவுதான் சத்தம். பல்லி சொல்வதைவிடச் சின்னது. சுவிட்சுக்குப் பின்னால், பெட்டிக்குள்ளே, செல்போனிலிருந்தே விளக்குப் போட நாம் மாட்டுகிற தீப்பெட்டி அளவு ரிலே ஒன்று கண் விழிக்கிற சத்தம். போன வாரம் நம் ஆபீசில் உங்களில் யாரோ டெஸ்ட் பலகையில் ஒரு ரிலேயை மாட்டிவைத்து, செல்போனைத் தொடுவதும் பல்பு எரிவதுமாக டிக் டிக் என்று விளையாடிக்கொண்டிருந்தீர்கள். டீ கிளாஸோடு அந்தப் பக்கம் வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். ஆபீஸ் இல்லை, நீங்கள் இல்லை, டீயும் இல்லை. சேரப்பணஞ்சேரியில் ஓர் ஓட்டு வீடு. கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட ஒரு மர சுவிட்ச் போர்டு. இரும்புக் கட்டிலில் சுவர் பார்த்துப் படுத்திருக்கிற ஒரு மனிதர். அவர் முதுகுக்கு நேராகத் தலையை ஆட்டி ஆட்டி ஓடுகிற மேஜை ஃபேன். எல்லாம் ஒரே டிக்கில் வந்து நின்றன.

இந்த மாதத்தோடு நான் ஏணியை விட்டு இறங்குகிறேன். முழங்கால் இரண்டும் சேர்ந்து ஸ்டிரைக் நோட்டீஸ் கொடுத்துவிட்டன. போகும்முன் புதுசாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கக்கா என்றார்கள். எந்த ஒயரை எந்த ஓட்டையில் சொருகுவது என்றெல்லாம் எழுத மாட்டேன். அது பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற தாளில் படத்தோடு இருக்கிறது. தாளில் இல்லாத ஒரு மத்தியானத்தை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. பழைய வீடு என்றதும் உங்களில் சிலர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். சுளிக்காதீர்கள்! புது அபார்ட்மென்ட்டில் ரிலே மாட்டுவது இஸ்திரி போட்ட சட்டையில் பட்டன் தைக்கிற வேலை. பழைய வீடு அப்படியா? ஸ்க்ரூவைக் கழற்றிப் போர்டை முன்னால் இழுத்தால் ஒரு குடும்பமே வெளியே வருகிறது. கல்யாணத்துக்கு அவசரமாக இழுத்த ஒயர், கிரைண்டர் வந்தபோது சேர்த்த ஒயர், மாதா படத்து ஜீரோ வாட் பல்புக்கு நூல் மாதிரி ஓர் ஒயர், எதற்கென்று யாருக்கும் நினைவில்லாமல் நுனியில் டேப் சுற்றித் தூங்குகிற ஒயர். சிவப்பு என்றால் கரண்ட் வருகிற ஒயர் என்று படித்திருப்பீர்கள். பழைய வீட்டில் சிவப்பு என்றால், அன்றைக்குக் கடையில் சிவப்புதான் இருந்தது என்று அர்த்தம். அவ்வளவுதான். ஒவ்வொரு போர்டையும் இன்றைக்கும் இப்படித்தான் திறக்கிறேன். பயத்தில் பாதி, ஆசையில் பாதி.

சரி, சேரப்பணஞ்சேரிக்கு வருகிறேன்.

கூப்பிட்டது ரோஸ்லின் என்ற பெண். டிப்ளமோ முடித்தவள். சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். செகண்ட் ஷிஃப்ட். நாங்கள் போனது சனிக்கிழமை. நாங்கள் என்றால் நானும் முருகேசனும். முருகேசன் என் வயசுக்காரன்தான், ஆனாலும் அக்கா என்பான்; அம்பாசமுத்திரத்துப் பக்கம். அங்கே வயரிங் வேலை பார்த்துவிட்டு, பிழைப்புக்காக இங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கை மின்னல். வாய் அதைவிட மின்னல்.

ரோஸ்லின் எங்களை வாசலிலேயே நிறுத்தி, உள்ளே கேட்காதபடி பேசினாள்.

"அக்கா, அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை சுத்தமா வராது. காலும் இழுத்துக்கினுதான் நடப்பாரு. அம்மா கம்பெனி கேண்டீன்ல வேல, சாயங்காலம்தான் அங்க கூட்டமே. நானும் ஷிஃப்டுக்குப் போய்ட்டன்னா பொழுது சாயிற நேரத்துல அவரு ஒண்டியாதான் வூட்ல இருக்கணும். சுவிட்சு கதவுக்குப் பின்னால கீது. யாரையும் கூப்ட மாட்டாரு. போன வாரம் இருட்டுல சுவத்தப் புடிச்சிக்கினே நடந்து போயி வுழுந்துட்டாரு. புருவம் கிழிஞ்சிட்ச்சி."

"கட்டிலை போர்டு பக்கம் போட்டா என்னம்மா?" என்றேன்.

"அந்தப் பக்கம் ஓடு ஒழுவுதுக்கா. கதவையும் தொறக்க முடியாது." அவள் குரலை இன்னும் இறக்கினாள். "அவரே லைட்டு, ஃபேன் போட்டுக்குற மாதிரி நீங்க பண்ணிட்டீங்கன்னா நான் வேலைக்குப் போவேன். இல்லன்னா வரலைன்னு கம்பெனிக்குச் சொல்லிடப் போறேன். வுழுந்து கெடந்தா யாருக்கா தூக்குறது?"

உள்ளே போனோம். அவர் பெயர் சூசை. முதலில் ரூட் பஸ், அப்புறம் கம்பெனி பஸ் ஓட்டியவர். அகலமான தோள். புருவத்தில் பிளாஸ்திரி. "வணக்கம்ணே" என்றேன். "ரைட்" என்றார்.

"அந்த ஒரு வார்த்ததான்க்கா வாயில நின்னுது" என்றாள் ரோஸ்லின். "தண்ணி வேணும்னாலும் ரைட்டு, வேணான்னாலும் ரைட்டு. கோவம் வந்தாலும் ரைட்டு. நாங்க மூஞ்சியப் பாத்துத்தான் புரிஞ்சிக்கினு கீறோம்."

வாழ்க்கை முழுக்கப் பின்னாலிருந்து கண்டக்டர் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்த வார்த்தை. எல்லாச் சொல்லும் இறங்கிப் போன பிறகு அது மட்டும் இறங்காமல் சீட்டில் உட்கார்ந்துவிட்டது போல. அவர் எங்களைப் பார்க்காமல் திரும்பிப் படுத்துக்கொண்டார். வாசலில் பேசினது கேட்டிருக்கிறது. ஓட்டு வீட்டில் எது கேட்காது?

வேலையை ஆரம்பித்தோம். முருகேசன் கதவைச் சாத்தி, பின்னாலிருந்த போர்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றினான். நான் தூசி விழாமலிருக்க சூசை அண்ணனைப் பிடித்து எழுப்பி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டிருந்தேன். வெக்கையாக இருந்ததால் மேஜை ஃபேனை மட்டும் ஓடவிட்டிருந்தோம். அதன் ஒயர் நீளமாக வந்து அதே போர்டிலிருந்த பிளக்கில் சொருகியிருந்தது. மீட்டரும் மெயினும் வெளியே பக்கவாட்டுச் சுவரில். அங்கே ரோஸ்லின் நின்றாள்.

முருகேசன் குரல் கொடுத்தான்: "தாயி, லைன் மெயின ஆஃப் பண்ணும்மா!"

சட்டென்று மேஜை ஃபேன் நின்றது.

"லைன ஆஃப் பண்ணியாச்சாம்மா?"

"லைன ஆஃப் பண்ணிட்டேண்ணே!"

எவ்வளவு சுத்தமான கேள்வி. எவ்வளவு சுத்தமான பதில். கண்ணெதிரே நின்றுபோன ஃபேன் வேறு சாட்சிக்கு. முருகேசன் போர்டை முன்னால் சாய்த்து, கட்டிங் பிளேயரை வாயில் கவ்விக்கொண்டு, சுவிட்சின் பின்னால் விரலை நீட்டினான்.

"ரைட்!" என்றார் சூசை அண்ணன். சத்தமாக. "ரைட்! ரைட்!"

"பாத்தியளா, அண்ணாச்சியே ரைட்டுன்னு சொல்லிட்டாவ" என்று பல்லிடுக்கில் சிரித்தான் முருகேசன்.

நான் அவர் வாயைப் பார்க்கவில்லை. அவர் இடது கையைப் பார்த்தேன். நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார்; கை போர்டைக் காட்டவில்லை. போர்டைத் தாண்டி, சுவரைத் தாண்டி, பின்பக்கத்தைக் காட்டிக் காட்டி ஆடியது. அதே நேரத்தில் அந்தப் பின்பக்கத்திலிருந்து வெடித்தது பாருங்கள் ஒரு கூச்சல்!

"ஏய், யாருப்பா லைன ஆஃப் பண்ணது?"

"நைட் ஷிஃப்ட் முடிச்சு இப்பத்தான்யா கண்ண மூடுனேன்!"

"ஏம்மா ரோஸ்லின்! எங்க ரூம்ல ஃபேன் நின்னுடுச்சி!"

நான் முருகேசனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். பிளேயர் வாயிலிருந்து கீழே விழுந்தது. "என்னக்கா!" என்று திரும்பினான். என் டெஸ்டரை எடுத்து, அவன் விரல் போகவிருந்த இடத்தில் வைத்தேன். சின்ன ஆரஞ்சு வெளிச்சம், குளிர்காலத்துக் காலையில் பீடி நுனி மாதிரி, அமைதியாக எரிந்தது.

கரண்ட் இருந்தது. அந்த மின்னல் கை அதற்குப் பிறகு ரொம்ப நேரம் அவன் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது.

வெளியே ஓடினேன். ரோஸ்லின் அப்பாவியாக நின்றாள். இரண்டு மெயின் பெட்டிகள். ஒன்றின் கீழே பெயிண்டில் 'வீடு' என்று எழுதியிருந்தது. இன்னொன்றின் கீழே 'லைன்'. லைன் மெயினை ஆஃப் பண்ணச் சொன்னார்கள், லைன் என்று எழுதியிருந்ததை ஆஃப் பண்ணிவிட்டாள். அவளைவிடச் சரியாக யார் செய்ய முடியும்? வீட்டுக்குப் பின்னால் வரிசையாக வாடகை அறைகள் இருந்தன, கம்பெனிப் பசங்கள் தங்குவது. நம் பக்கத்தில் அதற்குப் பெயர் லைன் வீடு. சுருக்கமாக, லைன்.

யோசித்துப் பாருங்கள், இந்த ரோட்டில் இந்த ஒரு சொல் எத்தனை வேலை பார்க்கிறது! கம்பெனிக்குப் போகிறவளிடம் எந்த லைன் என்றால் பேக்கிங் லைன் என்பாள். வாடகைக்கு விடுகிறவருக்கு லைன் என்றால் ஆறு கதவும் ஒரு குழாயும். பஸ் ஸ்டாப்பில் தலை சீவிக்கொண்டு நிற்கிறவனுக்கு லைன் என்பது அடிப்பதற்கு. எங்களுக்கு மட்டும்தான் லைன் என்றால் தொட்டால் ஆளை எடுத்துவிடுகிற ஒயர். முருகேசன் ஊரில் இந்தக் குழப்பமே வராது. அங்கே வரிசை வீட்டுக்கு வளவு என்று பெயர்.

அதற்குள் லைனிலிருந்து ஒரு பையன் வந்துவிட்டான். லுங்கி, கன்னத்தில் தலையணை மடிப்பு, கண்ணில் கொலைவெறி. "என்னண்ணே செய்தியோ? மனுசன் தூங்காண்டாமா?" என்றான். அந்தப் பேச்சைக் கேட்டதும் முருகேசனுக்குப் போன உயிர் திரும்பியது.

"எந்தூருடே நீ?"

"வள்ளியூர்ணே. இசக்கிராஜா."

"ஏ, நம்ம பய! பெறவு நீயாவது இவங்கட்ட சொல்லக்கூடாதா, இதுக்குப் பேரு வளவுன்னு?"

"வளவுன்னா இங்க ஒருத்தனுக்கும் வெளங்காதுண்ணே. வளைவா, எந்த வளைவுன்னு கேக்காங்க. நானே லைன்னு சொல்லப் பழகிட்டேன்."

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு வந்தால் பாதி ஆபத்து போய்விட்டதாக நினைத்துவிடுவோம். அதுவும் தப்பு.

நான் இந்த வேலைக்கு வருமுன் ஒரு கம்பெனியில் லைனில் நின்றவள். எங்களுக்கு ஒரு லைன் லீடர் இருந்தாள். யாராவது மெஷினை நிறுத்தப் போய்விட்டு "பண்ணிட்டேன்" என்று கத்தினால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். "பண்ணிட்டேன்னு சொல்லாத. இன்னா பண்ணேன்னு சொல்லு" என்பாள். அன்றைக்கெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே கேட்டிருக்கிறேன். அந்தப் பக்கவாட்டுச் சுவரடியில் நின்றபோது அவள் குரல் என் காதுக்குள் பளிச்சென்று கேட்டது.

"ரோஸ்லின், லைன்னு எழுதியிருக்கிறதைத் திரும்பப் போடு. வீடுன்னு எழுதியிருக்கிறதை எறக்கு. என்ன பண்ணேன்னு முழுசா சொல்லு."

செய்துவிட்டு அவள் சொன்னாள்: "லைன்னு எழுதினது மேல கீது. வூடுன்னு எழுதினது கீழ கீது!"

உள்ளே வந்து டெஸ்டரை சுவிட்சில் வைத்தேன். வெளிச்சம் இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முடியவில்லை, பின்னால் கொர்ரென்று சத்தம்; திரும்பினால் மேஜை ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது!

வீட்டு மெயின் கீழே. ஃபேன் மட்டும் ஓடுகிறது. முருகேசன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். "யக்கா, பேய் கீய் இருக்கா இந்த வீட்டுல?"

சூசை அண்ணன் சிரித்தார். அன்றைக்கு முதல் சிரிப்பு. பாதி முகம்தான் சிரித்தது, ஆனால் முழுச் சிரிப்பு. "ரைட்!" என்று பின்சுவரைக் காட்டினார். ஃபேனின் ஒயரைக் காட்டினார். போர்டைக் காட்டினார். மறுபடி பின்சுவர்.

அட! எனக்குப் பளிச்சென்று எரிந்தது. அந்தச் சுவரின் மறுபக்கம் லைனின் முதல் அறை. எப்போதோ ஒரு காலத்தில் வீட்டு பிளக் கெட்டுப்போனபோது, யாரோ அவசரத்துக்குச் சுவரில் ஒரு துளை போட்டு, லைனின் மீட்டரிலிருந்து இந்த பிளக்குக்கு ஒயர் இழுத்திருக்கிறார்கள். ஒரே பெட்டிக்குள் இரண்டு மீட்டரின் கரண்ட்! சுவிட்ச் வீட்டைச் சேர்ந்தது, பிளக் லைனைச் சேர்ந்தது. அதனால்தான் முதல்முறை ஃபேன் நின்றது. அதனால்தான் சுவிட்ச் உயிரோடு இருந்தது. அதைத்தான் இந்த மனிதர் தன்னிடம் இருந்த ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு அலறியிருக்கிறார். நாங்கள் அதைப் போகலாம் என்று எடுத்துக்கொண்டோம்.

இரண்டு மெயினையும் இறக்கினோம். இசக்கிராஜா போய் ஒவ்வொரு அறையிலும் சொன்னான். தூக்கம் கெட்ட பசங்கள் எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி நிழலுக்கு வந்து, எங்களைத் திட்டியும் திட்டாமலும் உட்கார்ந்தார்கள்.

இனிமேல்தான் உண்மையான சோதனை. டெஸ்டர் காட்டாத சோதனை.

ரிலேக்குச் சாப்பாடு இரண்டு ஒயரில் வர வேண்டும். கரண்ட் வருகிற ஒயர் ஒன்று, கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் ஒன்று. பழைய சுவிட்சுக்கு நியூட்ரல் தேவையில்லை, அதனால் அந்தக் காலத்தில் சுவிட்ச் வரைக்கும் அதைக் கொண்டுவரவே மாட்டார்கள். இங்கேயும் இல்லை. ஆனால் பக்கத்திலேயே, ஒரு விரல் தூரத்தில், பிளக்கின் நியூட்ரல் பளபளவென்று நின்றது. லைனின் நியூட்ரல்.

"அக்கா, இந்தா இருக்குல்லா" என்றான் முருகேசன். "ஒரு துண்டு ஒயர் போதும். கண்ணிமைக்குமுன்ன முடிச்சிரலாம்."

"எரியுமாண்ணே?" என்று ஓடிவந்தாள் ரோஸ்லின்.

"ஜம்முன்னு எரியும் தாயி."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எதுனா ஒண்ணு போட்டு எரிய வச்சிடுங்கக்கா. உங்க கால்ல வேணா வுழுறேன். திங்கக்கெழம போவலைன்னா வேற ஆள எடுத்துப்பாங்க." அந்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து போன்: படப்பையில் அடுத்த கஸ்டமர் காத்துக்கொண்டிருக்கிறார், இன்னும் முடியலையா?

இதைத்தான் உங்களுக்காக எழுத உட்கார்ந்தேன். முருகேசன் சொன்னது பொய் இல்லை. எரியும். அன்றைக்கு எரியும், திங்கட்கிழமை எரியும், தீபாவளிக்கும் எரியும். எரிவதுதான் அதிலுள்ள மோசம். ஒருநாள் லைனில் ஏதோ ரிப்பேர் என்று இன்னொரு முருகேசன் வருவான். லைன் என்று எழுதியதை இறக்குவான். சரியாகத்தான் இறக்குவான். அணைத்துவிட்டோம் என்று நம்பி, ஒன்றும் செய்யாத ஒயர் என்று நியூட்ரலைத் தொடுவான். அந்த நேரம் இந்த வீட்டு மெயின் மேலே இருக்கும். இந்த ரிலே வழியாக இந்த வீட்டுக் கரண்ட் சுவரைத் தாண்டிப் போய் அவனுக்காக அங்கே காத்துக்கொண்டிருக்கும். அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்க நான் அங்கே இருக்க மாட்டேன்.

ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். தொட்டி நிழலில் இசக்கிராஜா உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான், வாயைத் திறந்துகொண்டு.

"அது மாட்ட மாட்டேன் ரோஸ்லின்" என்றேன்.

அவள் கையை விட்டுவிட்டாள். கண்ணீர் மட்டும் பொலபொலவென்று வந்தது.

"அத மாட்ட மாட்டேன்னுதான் சொன்னேன். மாட்ட மாட்டேன்னு சொல்லல. முருகேசா, மேல பாரு."

மேலே, உத்தரத்தின் மேல், பல்புக்குப் போகிற வழியில் ஒரு வட்டமான ஜங்ஷன் பெட்டி இருந்தது. வீட்டின் சொந்த நியூட்ரல் அதற்குள் இருக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் பல்பு எப்படி எரியும்? அங்கிருந்து போர்டு வரை சுவர் மேல் ஒரு பைப் இறங்கியது. அதற்குள் ஒரு புது ஒயரை இறக்கிவிட்டால் போதும். சொல்ல ஒரு வரி. செய்ய? அந்த பைப் எத்தனை வருஷமாக மூச்சு விடவில்லையோ!

முருகேசன் ஏணியில் ஏறி உத்தரத்தில் உட்கார்ந்தான். நைலான் கயிற்றை விட்டான். பாதியில் நின்றது. தட்டினான், திருகினான், ஊதினான். நகரவில்லை. இசக்கிராஜாவை எழுப்பினோம். அவனும் மேலே ஏறி, இரண்டு திருநெல்வேலிக்காரர்களும் ஒரு பைப்போடு சண்டை போட்டார்கள்.

"தள்ளுடே!"

"தள்ளுதேன்ணே, போமாட்டேங்கு!"

"குளவிக் கூடா இருக்கும். குத்து!"

நான் கீழே பைப்பைக் கட்டையால் தட்டிக்கொண்டிருந்தேன். மண் கொட்டியது. இன்னும் கொஞ்சம் மண். திடீரென்று ஒரு கொத்துக் குளவிக் கூடு உடைந்து என் தலையில் விழுந்தது, நல்லவேளை காலியான கூடு. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு குனிந்த நேரத்தில் பைப்பின் வாயில் கயிற்று நுனி எட்டிப் பார்த்தது. எலி மூக்கு மாதிரி. மறுபடி உள்ளே போகப் பார்த்தது.

"புடிங்கக்கா, புடிங்க!" என்று மேலிருந்து கத்தினார்கள். எனக்குக் கண் தெரியவில்லை.

பிடித்தது சூசை அண்ணன். நாற்காலியோடு சரிந்து வந்து, இடது கையால் லபக்கென்று பிடித்துவிட்டார். ஸ்டியரிங் பிடித்த கை அது. மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தார் பாருங்கள்! கயிறு வந்தது, கயிற்றின் பின்னால் புது ஒயர் சரசரவென்று வந்தது, மேலே இசக்கிராஜா "வருது வருது வருது" என்று கூவ, தொட்டி நிழலில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு கைதட்டினார்கள். தேர் நிலைக்கு வந்த மாதிரி! ரோஸ்லின் அழுதுகொண்டிருந்ததை மறந்துவிட்டு ஏணியைப் பிடித்தபடி குதித்தாள். மேலே உட்கார்ந்திருந்த முருகேசன், "தாயி, ஆட்டாத, நான் விழுந்தா அண்ணாச்சிக்குப் பக்கத்துல இன்னொரு கட்டில் போடணும்" என்றான்.

பிளக்கை லைனிலிருந்து பிரித்து, வீட்டு ஒயரில் சேர்த்தோம். சுவரின் அந்தப் பக்கம் போன ஒயரை இசக்கிராஜா அறையிலேயே துண்டித்து மூடினோம். ஒரே பெட்டியில் இனி ஒரே வீடு. விளக்குக்கும் ஃபேனுக்கும் ரிலேக்களை சுவிட்சுகளின் பின்னால் படுக்கவைத்தோம். போர்டை மூடினால் வெளியே எதுவும் தெரியவில்லை. அதே பழைய கறுப்பு சுவிட்சுகள், விரல் பட்டுத் தேய்ந்தவை. அவையும் முன்போலவே வேலை செய்யும். நம் வேலையில் எனக்குப் பிடித்ததே இதுதான்: வீட்டை மாற்றுவோம், வீட்டின் முகத்தில் கை வைக்க மாட்டோம்.

மெயின்களைப் போட்டாள் ரோஸ்லின். என்ன போட்டாள் என்று முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் போட்டாள். போனைத் தொட்டேன். டிக். பல்பு எரிந்தது.

ஆனால் போன் என் கையில்தானே இருக்கிறது. அவர் எப்படிப் போடுவது? பேசினால் கேட்டுச் செய்கிற ஒரு பெட்டியை, அவருடைய அந்த ஒரு சொல்லையே அது பழகிக்கொள்ளும் என்று நம்பி, ரோஸ்லின் அதற்கென்றே ஆன்லைனில் வாங்கி வைத்திருந்தாள். அவரைத் திரும்பக் கட்டிலில் படுக்கவைத்து, ஆசை ஆசையாக அவர் முன்னால் வைத்தாள். "பேசுப்பா."

"ரைட்" என்றார்.

மன்னிக்கவும், புரியவில்லை என்றது பெட்டி.

"ரைட்!"

எந்த ஊருக்கோ வலது பக்கம் திரும்பச் சொல்லி வழி காட்ட ஆரம்பித்தது.

அவர் பெட்டியை ஒருமுறை பார்த்தார். அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இவ்வளவு பாடுபட்டு, கடைசியில் மறுபடியும் அந்த முதுகு. ரோஸ்லின் என்னைப் பார்த்த பார்வையில் திங்கட்கிழமை அணைந்துகொண்டிருந்தது.

அவருக்கு இருப்பது ஒரு சொல். பெட்டிக்கோ ஆயிரம் சொல் தெரியும், அந்த ஒன்று மட்டும் தெரியாது. அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது? ஒரு கை. கயிற்றை விடாத கை. என் பைக்குள் துழாவினேன். வேறொரு வீட்டுக்கென்று எடுத்து வந்த ஒயர் இல்லாத பட்டன்கள் இரண்டு கிடந்தன, சோடா மூடி அளவு, பெரிதாக அமுங்குகிற மாதிரி. அவற்றை ரிலேக்களோடு சேர்த்துவிட்டால் அமுக்குகிற இடத்திலிருந்தே வேலை நடக்கும். பேச்சும் வேண்டாம், போனும் வேண்டாம். விளக்குப் பட்டனை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டினேன். ஃபேன் பட்டனைக் கட்டில் சட்டத்தில் ஒட்டினேன்.

"அண்ணே, இது ஹாரன் மாதிரிதான். அடிச்சுப் பாருங்க."

அவர் திரும்பவில்லை. இடது கட்டைவிரல் மட்டும் மெதுவாக வந்து பட்டனின் மேல் உட்கார்ந்தது. எங்கே உட்கார வேண்டும் என்று அந்த விரலுக்குத் தெரிந்திருந்தது.

டிக்.

பல்பு அணைந்தது. அவர் தலை மட்டும் மேலே திரும்பியது. டிக். எரிந்தது. டிக் டிக். ரோட்டு வளைவில் எதிரே லாரி வந்தால் டிரைவர்கள் அடிப்பார்களே, அந்த மாதிரி இரட்டை ஹாரன். முருகேசன் விசிலடித்தான். ரோஸ்லின் ஓடிப்போய் ஜன்னலையும் கதவையும் சாத்தினாள். உள்ளே கும்மிருட்டு. இருட்டுக்குள் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

டிக்.

மஞ்சள் வெளிச்சத்தில் அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

மூட்டை கட்டினோம். இசக்கிராஜா மிச்சத் தூக்கத்துக்குப் போனான். "அடுத்த தடவ வரும்போது வளவுன்னு எழுதி வச்சிட்டுப் போங்கண்ணே" என்றான். நான் முருகேசனிடம் பெயிண்ட் மார்க்கரைக் கொடுத்து, 'லைன்' என்று எழுதியிருந்ததன் பக்கத்தில் 'பின் வீடுகள்' என்று எழுதவைத்தேன். உங்களுக்கு என் வேண்டுகோளும் அதுதான். வாய் சொல்வதை மட்டும் கேட்காதீர்கள், கை எங்கே காட்டுகிறது என்று பாருங்கள். யாராவது லைனை ஆஃப் பண்ணிவிட்டேன் என்றால், எந்த லைன் என்று கேளுங்கள். கேட்ட பிறகும் டெஸ்டரை வையுங்கள். எரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நாளைக்கு நமக்குத் தெரியாத ஒருவன் அதே பெட்டியைத் திறப்பான்.

ஏணியை வண்டியில் கட்டிவிட்டு, சொல்லிக்கொள்வதற்காக உள்ளே எட்டிப் பார்த்தேன். ரோஸ்லின் கட்டில் பக்கம் நின்றிருந்தாள். நாங்கள் வந்ததிலிருந்து எல்லோரிடமும் பேசிவிட்டாள், அவரிடம் மட்டும் கேட்கவில்லை.

"அப்பா. திங்கக்கெழம நான் வேலைக்குப் போவட்டா?"

அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் நாங்கள் யாரும் எதையும் தேடிப் பிடித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. இடது கையை ஓங்கி, பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டுவது மாதிரி, கட்டிலின் இரும்புச் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட்! ரைட்!"